சிவப்புக் கோடும் செண்பகவல்லியும்

கீழப்பாறைப்பட்டிக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்த ஒரு நல்ல குணத்தால் வந்ததுதான்.

அங்கே மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் சடையாண்டி. இரண்டாமவன் குப்பமுத்து, பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். அதனால் அவனுக்கு இங்கிலீஷ் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு தெரியும் என்று ஊரே நம்பியது. கடைக்குட்டி பூவலிங்கம். அவனுக்குப் பெண் அமையவில்லை. வருகிற பெண் வீட்டார் அண்ணன்மாரிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார்கள்.

கடைசியாக, கல்யாண இணையதளம் ஒன்றின் மூலம் தேனியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் செண்பகவல்லி, டைப்பிங் கற்றுக்கொடுக்கிறாள். "பையனைப் பத்தி அந்தப் பக்கத்துல எழுதுங்க. பிடிச்சா ஞாயித்துக்கிழமை வர்றோம்" என்றார் அவள் அப்பா தவசிமுத்து. இதுவும் தட்டிப்போனால் தனக்கு இந்த ஜென்மத்தில் கல்யாணம் கிடையாது என்று பூவலிங்கம் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அக்கா மகள் தமயந்தி மதுரைக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. மவுஸ் மட்டும் ஓடாது. ஆயுதபூஜைக்கு எல்லாவற்றையும் கழுவி வைக்கத் தமயந்தி சொன்னாள் என்று சடையாண்டி அதைச் சீயக்காய் போட்டுக் கழுவியிருந்தார்.

குப்பமுத்து இங்கிலீஷில் அடித்தான்: 'பையனுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை.' உடனே, பழக்கம் என்பதற்கு அவன் ஓர் எழுத்தை விட்டு அடித்திருந்த இங்கிலீஷ் சொல்லுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு புழு மாதிரி நெளிந்தது.

மூவரும் அதை உற்றுப் பார்த்தார்கள்.

"பொய்னு கண்டுபிடிச்சிருச்சு" என்றார் சடையாண்டி. "டேய், மறைக்காம சொல்லு."

பூவலிங்கத்துக்கு வியர்த்துவிட்டது. "ஒரே ஒரு பீடிண்ணே. அதுவும் தீபாவளிக்கு வெடி கொளுத்தப் பத்த வெச்சது."

"பாத்தியா! வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டே இதுக்கு எப்படித் தெரியுது!"

தமயந்திக்குப் போன் போட்டார்கள். குடும்ப மானம் கருதி பீடியைப் பற்றி மூச்சு விடவில்லை. சிவப்புக் கோட்டை எப்படிப் போக்குவது என்று மட்டும் கேட்டார்கள்.

"மவுஸ் இல்லாட்டி பரவாயில்ல மாமா. அம்புக்குறியை வெச்சு அந்த வார்த்தைக்குப் போங்க. ஷிஃப்டை விடாம பிடிச்சுக்கிட்டு எஃப் பத்தை அழுத்துங்க. ஒரு பட்டியல் வரும். முதல்ல இருக்கிறதுக்கு இறங்கி என்டர் தட்டுங்க. பேரு, ஊருன்னா மட்டும் 'அகராதியில் சேர்'னு இருக்கிறதைத் தட்டுங்க. கிளாஸ் ஆரம்பிச்சிருச்சு, வெச்சுடறேன்."

ஷிஃப்டை விடாமல் பிடிப்பது பொறுப்பான வேலை என்பதால் மூத்தவர் பிடித்தார். குப்பமுத்து எஃப் பத்தை அழுத்தி, கீழே இறங்கி, என்டர் தட்டினான். கோடு மறைந்தது.

"பீடியை மன்னிச்சிருச்சுடா" என்றான் குப்பமுத்து. பூவலிங்கம் திரையைப் பார்த்துக் கும்பிட்டான்.

விடு என்று தமயந்தி சொல்லாததால் சடையாண்டி ஷிஃப்டை விடவில்லை. அதன்பிறகு அடித்ததெல்லாம் பெரிய எழுத்தாகவே விழுந்தது. "பெரியவங்க கை வெச்சா அப்படித்தான்" என்றான் குப்பமுத்து.

அடுத்து மாப்பிள்ளையின் பெயரை அடித்தார்கள். பூவலிங்கம் என்ற பெயருக்குக் கீழேயே சிவப்புக் கோடு.

"அண்ணே," என்றான் பூவலிங்கம், "அப்ப நான் இல்லையா?"

சடையாண்டி அவனை மேலும் கீழும் பார்த்தார். "இருக்கிற மாதிரிதான் தெரியுது. ஆனா நமக்கு என்ன தெரியும்?"

"காலையில இட்லி தின்னேனே!"

"இட்லி காலியானது நெசம். நீதான் தின்னேன்னு யாரு பாத்தா?"

குப்பமுத்து அவசரமாக அவனை அகராதியில் சேர்த்தான். கோடு போனது. "வந்துட்டேண்ணே!" என்று பூவலிங்கம் அண்ணனைக் கட்டிக்கொண்டான். எதற்கும் இருக்கட்டும் என்று மற்ற இருவரும் தங்கள் பெயர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு குப்பமுத்து, 'பையனுக்கு நீச்சல் தெரியும்' என்று சும்மா அடித்துப் பார்த்தான். கோடு வரவில்லை.

"உனக்கு நீச்சல் தெரியுமாடா?"

"தெரியாதேண்ணே."

"கம்ப்யூட்டர் தெரியும்ங்குது. உன்னைவிட அதுக்குத் தெரியாதா?"

கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தள்ளினான். கோடைகாலம், தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. பூவலிங்கம் எழுந்து நின்றான். "தெரியுதுண்ணே! நின்னுக்கிட்டே நீந்துறேன்!" என்று கீழேயிருந்து கத்தினான். சந்தோஷமாகத் திரும்பி வந்து, பூவலிங்கம் கேட்டுக்கொண்டபடி மன்னிக்கப்பட்ட பீடியைப் பற்றியும் ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லி அப்பாவோடு வந்தாள். சடையாண்டி ஒரு கையை ஷிஃப்டில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் பாதி வணக்கம் வைத்தார். குப்பமுத்து காபி கொண்டுவந்தான். தவசிமுத்து பேச ஆரம்பித்து, சீக்கிரமே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

செண்பகவல்லி மட்டும் பூவலிங்கத்தைப் பார்த்துக் கேட்டாள். "தீபாவளி பீடியைக்கூட எழுதியிருந்தீங்களே, யாரு எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. உங்ககிட்ட மறைக்க வேண்டாம்னு தோணுச்சு."

"என்னைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குங்க" என்றான் அவன், காதெல்லாம் சிவக்க.

"இருடா, சரி பாத்துருவோம்" என்று குப்பமுத்து கம்ப்யூட்டருக்கு ஓடினான். 'பூவலிங்கத்துக்குச் செண்பகவல்லியைப் பிடித்திருக்கிறது' என்று அடித்தான்.

பூவலிங்கத்துக்குக் கோடு இல்லை. பிடித்திருப்பதற்கும் இல்லை. செண்பகவல்லிக்குக் கீழே மட்டும் சிவப்பாக நெளிந்தது.

சடையாண்டி மெல்லக் கேட்டார். "கோவிச்சுக்காதம்மா. நீ நெசமாவே வந்திருக்கியா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு!" என்று தவசிமுத்து துள்ளி எழுந்தார். பூவலிங்கம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

செண்பகவல்லி எழுந்து கம்ப்யூட்டரிடம் போனாள். ஷிஃப்ட், எஃப் பத்து, கீழே, கீழே, என்டர். கோடு மறைந்தது. பிறகு சடையாண்டியின் விரலை ஷிஃப்டிலிருந்து எடுத்துவிட்டாள். "போதும், விடுங்க. எனக்கும் அவரைப் பிடிச்சிருக்கு."

"அடடே, பொண்ணு வந்துட்டா!" என்று சடையாண்டி இரண்டு கைகளையும் கூப்பினார். "வாம்மா, வா! இப்பதான் வர்றியா? வெயில்ல வந்திருப்பே, உக்காரு. டேய், காபி கொண்டாங்கடா!"

குப்பமுத்து ஒரே ஒரு டம்ளர் கொண்டுவந்தான். "ஏம்மா, தனியாவா வந்தே? அப்பா வரலையா?"

"இதோ நிக்கிறேனே!" என்று வாசலில் நின்ற தவசிமுத்து கத்தினார். யாரும் திரும்பவில்லை. "நிச்சயம் பேசணும்னா பெரியவங்க ஒருத்தர் வேணுமே" என்று சடையாண்டி அவரைத் தாண்டிக்கொண்டு தெருவை எட்டிப் பார்த்தார்.

தவசிமுத்து செருப்பை மறுபடியும் கழற்றினார். மகள் பக்கத்தில் போய்க் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தாயி, என் பேரையும் கொஞ்சம் அடி."