சின்னக் காசு செம்பான கதை

சுவருக்குள் நறநறவென்று ஏதோ கேட்டது. விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. மாடத்தி மடியில் கிடந்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அனலாகக் கொதித்தது.

அந்தக் காலத்தில் பூச்சி புழுக்களுக்கும் பேச்சு உண்டு. காசு என்றால் அப்போது எல்லாமே தாள்தான். பெரிய தாள்கள் பணக்காரர்களின் இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாகத் தூங்கும். சின்னத் தாள்கள் இல்லாதவர்களின் கூரைச் செருகலிலும் சுவர்ப் பொந்திலும் கிடக்கும்.

வைத்தியர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தார். கடைசி ஓடத்துக்கு ஆள் கூப்பிடும் குரல் கேட்டது. மாடத்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பொந்துக்குள் கையை விட்டாள். ஓடக்கூலிக்கென்று வைத்திருந்த தாளைக் காணோம். விரலில் ஈரமண்தான் ஒட்டியது. உள்ளே கறையான்கள் மொய்த்தன. நடுவில் அவற்றின் தலைவி.

"அடிப்பாவி, தின்னுட்டியா?"

"பெரிய தாளெல்லாம் பெட்டிக்குள்ள இருக்கு. எங்க வாய்க்கு வாய்ச்சது உங்க தாளுதான்" என்றது தலைவி, மென்றுகொண்டே.

"விடியற வரைக்கும் என் பிள்ளை தாங்க மாட்டானே."

"உனக்கு ஒரு பிள்ளை. என் பிள்ளைகளை உன்னால எண்ணி முடிக்க முடியுமா? நாளைக்கும் ஏதாவது வச்சிட்டுப் போ."

மாடத்தி ஆற்றங்கரைக்கு ஓடினாள். சங்கிலி என்ற ஓடக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, தாளைக் கறையான் தின்னுட்டு. நாளைக்குத் தாறேன், ஏத்திக்கோங்க."

"ஊர்ல பாதிப்பேரு இதைத்தான் சொல்லுதாங்க. கூலி வாங்காம ஒருத்தரை ஏத்துனாலும் ஜமீன்ல என் தோலை உரிச்சிருவாங்க, தாயி."

பிள்ளையின் கண்கள் மேலே செருகின. மாடத்தி துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, அவன் காலில் கிடந்த செம்புத் தண்டையைப் பிடித்து இழுத்தாள். காய்ச்சலில் கால் வீங்கியிருந்தது. தோல் உரிந்து தண்டை வந்தது. பிள்ளை அழவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. கல்லில் வைத்துக் கல்லால் அடித்து, ஒரு துண்டை உடைத்து நீட்டினாள்.

"இதை எவன் வாங்குவான்?" என்றார் சங்கிலி.

"அந்தா கரையில இருக்கிற கறையான் புற்றுல போட்டுப் பாருங்க, அண்ணாச்சி. கறையான் தின்னா நான் திரும்பிப் போயிருதேன்."

அந்த நாளிலெல்லாம் புற்றுகள் வாய் திறந்தே கிடக்கும். சங்கிலி ஓடத்திலிருந்த தீப்பந்தத்தை எடுத்துத் தாழ்த்திப் பிடித்துத் துண்டை அதன் வாயில் போட்டார். ஒரு கறையான் கடித்தது. இன்னொன்று வந்து கடித்தது. பிறகு கூட்டமாக மொய்த்தன. மாடத்தி பிள்ளையை அணைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"என் பல்லு போச்சே" என்று உள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

சங்கிலி துண்டை எடுத்து மண்ணைத் துடைத்தார். ஒரு கீறல்கூட இல்லை. இடுப்பில் செருகிக்கொண்டு, "ஏறு, தாயி" என்றார்.

அக்கரையில் வைத்தியர் ஊற்றிய கஷாயம் தொண்டையில் இறங்கியதும் பிள்ளை வீரிட்டு அழுதான். அதன்பிறகுதான் மாடத்தி தரையில் உட்கார்ந்தாள்.

சங்கிலி அந்தத் துண்டை உப்புக்காரிக்குக் கொடுத்தார். அவள் எண்ணெய்க்காரனுக்குக் கொடுத்தாள். சில நாளில் ஊரே செம்பைக் காசாக வெட்டத் தொடங்கியது. தாளைப் பறிகொடுத்தவர்கள் மண்வெட்டியோடு புற்றுகளை இடிக்கத் தேடி வந்தார்கள். "எல்லாரும் உள்ள வாங்க. மண்ணைக் குழைங்க" என்று புற்றுக்குள்ளிருந்து கறையான் தலைவி கத்தியது.

சின்னக் காசு உலோகமாகிக் கைமாறத் தொடங்கியது அன்றைக்குத்தான். வெளியே காலடி அதிர்ந்தாலே கறையான் தன் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, ஈரமண்ணை அப்பி, உள்பக்கமாகக் கதவைத் தாழிட்டுக்கொள்வதும் அன்று முதல்தான்.