ஐந்து தாள்கள், ஒரு கறுப்புக் கட்டம்

மங்கையர்க்கரசிக்கு ஐம்பது வயது. அவளுக்குக் குருவாக வாய்த்த ஜெரால்டுக்கு முப்பத்து நான்கு. அலுவலகத்தில் அவனைக் கேலியாகக் குருவே என்று முதலில் அழைத்தவள் அவள்தான். கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

கடலோர நகரம் ஒன்றுக்கு ஆம்புலன்ஸ் அழைக்கும் இணையச் சேவையை அவள் கட்டி முடித்திருந்தாள். அதற்குள் வெவ்வேறு நிறுவனங்களின் ஐந்து சேவைகள். ஒன்று அழைப்பவரின் இடத்தைச் சொல்லும், ஒன்று வண்டியைத் தேடும், ஒன்று வழி காட்டும். ஐந்தும் கைகோத்தால்தான் வண்டி வரும்.

நூறு நாளில் எத்தனை நாள் சேவை தவறாது என்று எழுதிய உத்தரவாதத்தில் நண்பகலுக்குள் அவள் கையெழுத்திட வேண்டும். இட்டால், ஓட்டுநர்களின் பழைய வயர்லெஸ் கருவிகளை நாளையே கழற்றிவிடுவார்கள்.

"குருவே, ஐந்து பேரில் எவனோ பொய் சொல்கிறான்."

"யார், அக்கா?"

"அதுதானே தெரியவில்லை! எல்லாரும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்கிறார்கள். பேசி வைத்துக்கொண்ட மாதிரி. மூன்று நாளாகத் துருவுகிறேன், ஒருத்தனும் சிக்கவில்லை."

நிறுவனத்துக்கு ஒன்றாக ஐந்து தாள்களை மேசைமேல் போட்டாள். ஒவ்வொன்றிலும் சோதனை நடந்த நூறு நாளுக்கு நூறு கட்டங்கள். சேவை தவறிய நாளின் கட்டம் மட்டும் கறுப்பு.

"என்ன எழுதப் போகிறீர்கள்?"

"ஐந்தையும் பெருக்கினால் தொண்ணூற்றைந்து. அதைத்தான். ஆனால் மனசு ஒப்பவில்லை."

ஜெரால்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எழுந்து போய், ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினான். வெயில் ஊடுருவியது.

"எத்தனை கறுப்பு?"

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"ஒன்றுதான்."

பிறகு சிரித்துவிட்டாள். "ஐந்தும் ஒரே நாளில் விழுந்திருக்கின்றன! அப்படியானால் மற்ற தொண்ணூற்றொன்பது நாளும் சுத்தம். என் கணக்கைவிட நல்லதாயிற்றே. பாவம், வீணாகச் சந்தேகப்பட்டேன்."

"ஆமாம். யாரும் பொய் சொல்லவில்லை."

பேனாவைத் திறந்தாள். அவன் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"இன்னும் எதற்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்?"

"அது எந்த நாள், அக்கா?"

விரலால் கட்டங்களை எண்ணினாள். விரல் நின்றது.

"புயல் கரை கடந்த நாள்."

"அன்றைக்கு எத்தனை பேர் ஆம்புலன்ஸ் கேட்டார்கள்?"

சோதனை நாட்களிலும் வந்த அழைப்புகளை ஓட்டுநர்கள் குறித்து வைத்திருந்த வயர்லெஸ் பதிவேட்டைப் புரட்டினாள். மற்ற நாட்களில் இருபது, முப்பது. அந்த நாள் மட்டும் பதினோரு பக்கம் போயிருந்தது.

பேனாவை மூடினாள். "என்னதான் எழுதட்டும்?" என்றாள்.

அவன் தாள்களை அவள் கையில் கொடுத்தான்.

"நூறு நாளில் ஒரு நாள் வண்டி வராது என்று எழுதுங்கள். எந்த நாள் என்பதையும் எழுதுங்கள்."