படகுத்துறைப் பாட்டு

குருவுக்கு வயது முப்பத்து நாலு. சிஷ்யனுக்கு ஐம்பத்தாறு. மலைமேல் இருந்த அந்த ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது.

குரு, கிறிஸ்தவக் கோயிலில் பியானோ வாசிக்கிற எவாஞ்சலின் டீச்சர். சிஷ்யன், தபாலாபீசில் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிற ஜெபமணி. பதினோரு வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் டீச்சர் வீட்டுக்குப் பாட்டுப் படிக்க வந்துகொண்டிருந்தார்.

ஒரு காலத்தில் அமெரிக்கக்காரர்கள் அந்த ஊரில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். போகும்போது இரண்டு மூன்று பியானோக்களையும், நியூயார்க் மேடை நாடகங்களின் பாட்டுப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறையவும் விட்டுவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்கள் அவற்றைத் தமிழாக்கி மே மாதத்தில், பிளம்ஸ் பழுக்கும் சமயம், மண்டபத்தில் போட்டுப் பார்த்தார்கள். எத்தனையோ போட்டார்கள். நிலைத்தது ஒன்றுதான்.

அதுவும் ஒரு பாட்டுக்காக நிலைத்தது. ஆற்றங்கரையில் ஒருவனும் ஒருத்தியும் நிற்கிறார்கள். அவள் ஊரைவிட்டுப் போகிறாள். படகு வரும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பாடுவார்கள். காற்றடிக்கிறது, சால்வையைப் போர்த்திக்கொள் என்பான் அவன். பனி விழுகிறது, நீ வீட்டுக்குப் போ என்பாள் அவள். போகாதே என்று அவனும் சொல்ல மாட்டான், போக மனசில்லை என்று அவளும் சொல்ல மாட்டாள். பாட்டு முடியும்போது மூக்கை உறிஞ்சாத ஆள் மண்டபத்தில் இருக்காது.

பத்தொன்பது வருஷமாக அந்த அவனும் அவளும் ஜெபமணியும் அவர் மனைவி சொர்ணபாயும்தான். வருஷம் ஏற ஏற அவர் தலைக்கு மை கூடுதலாகச் செலவானது. வில்லன் வேஷம் போடும் கறிக்கடை ஆசீர்வாதம், "மாப்பிள்ளைக்கு இந்தத் தடவை எத்தனை பாட்டில் வே?" என்று கேட்காத வருஷம் இல்லை.

இந்த வருஷம் அவர் கேட்கவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. பாட்டு நாள் இல்லை. மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. டீச்சர் அடுப்பில் பால் வைத்திருந்தார். ஜெபமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உட்காராமல் நின்றார்.

"அந்தப் பாட்டை எடுத்துடுங்க டீச்சர்."

"சனிக்கிழமை நாடகம், அண்ணே."

"அதான் இன்னிக்கே சொல்றேன்."

"நேத்து நடந்ததுக்கா?"

ஜெபமணி கால் மாற்றி நின்றார்.

நேற்று ஒத்திகை. சொர்ணபாயின் அடி பதினாறு பார். பார் என்பது நாலு தட்டுள்ள ஒரு தாளக் கட்டு; ஆக மொத்தம் அறுபத்து நாலு தட்டு. ஜெபமணி தொடையில் விரலால் தட்டிக்கொண்டே நிற்பார். அறுபத்து நாலு முடிந்ததும் அவர் அடியை எடுப்பார். நேற்றும் சரியாகத்தான் எடுத்தார். ஆனால் சொர்ணபாய் பாடி முடிக்கவில்லை. ஒரு வார்த்தையில் தயங்கி நின்றிருந்தாள். கொண்டை ஊசி வளைவில் இரண்டு பஸ் மூக்கோடு மூக்கு நிற்குமே, அப்படி ஆகிவிட்டது. சொர்ணபாய் வாயை மூடிக்கொண்டாள். சால்வையை மடித்தாள். குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

"வீட்டுல பெட்டி கட்டி வச்சிருக்கா" என்றார் ஜெபமணி. "ஞாயித்துக்கிழமை நாகர்கோவிலுக்குப் போறாளாம். தம்பி வீட்டுக்கு. இனிமே அங்கதானாம்."

"உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சோத்துப் பானையைப் பாத்துச் சொன்னா. நான் பக்கத்துல இருந்தேன்."

டீச்சர் அடுப்பைக் கொஞ்சம் தணித்தார்.

"வீட்டை விட்டுத்தான் போறா. மேடையில வேற நின்னு அவ போறதைப் பாக்கணுமா நான்?"

"அவங்க போகக் கூடாதுன்னு இருக்கா உங்களுக்கு?"

"பின்னே?"

"அதைச் சொன்னீங்களா?"

ஜெபமணி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

"அப்படி என்னதான் இருக்கு டீச்சர் அந்தப் பாட்டுல? நாடகத்துல துப்பாக்கிச் சண்டை வருது, மறந்துடுறாங்க. கோமாளி மாட்டுத் தொட்டியில விழறான், அதையும் மறந்துடுறாங்க. நம்ம தேசத்துப் பாட்டுக்கூட இல்லை. எவனோ எந்தக் காலத்துலயோ எழுதினது. இது மட்டும் ஏன் பழசாக மாட்டேங்குது?"

"நியூயார்க்ல ஒரு நாடகக் கொட்டகை" என்று ஆரம்பித்தார் டீச்சர். "வாசல்ல டிக்கெட் கிழிக்க ஒரு ஆள் இருந்தார். கிழிச்சு முடிச்சதும் வெளியிலயே உக்காந்துடுவார். ஜோடிப் பாட்டு வர்ற நேரத்துக்கு மட்டும் உள்ள வந்து சுவர் ஓரமா நிப்பார். பாட்டு முடிஞ்சதும் போயிடுவார். ஒருநாள் ரெண்டு நாள் இல்லை, முப்பது வருஷம்."

"பாட்டுன்னா உசிருபோல."

"அவருக்குக் காது கேக்காது அண்ணே. பிறவியிலயே."

ஜெபமணி நிமிர்ந்து பார்த்தார்.

"நாடகக்காரங்களுக்கும் ஆச்சரியம். 'இதுல உனக்கு என்ன இருக்கு?'ன்னு எழுதிக் கேட்டாங்க. கிழிச்ச டிக்கெட்டோட பின்பக்கத்துல அவர் பதில் எழுதிக் குடுத்தார். 'ஒருத்தர் பாடுறார், ஒருத்தர் நிக்கிறார். நான் நிக்கிறவரைப் பாக்க வர்றேன்.'"

"புரியலை டீச்சர்."

"சரி" என்றார் டீச்சர். பியானோ முன்னால் போய் உட்கார்ந்தார். "சொர்ணம் அக்கா அடியை நான் வாசிக்கிறேன். உங்க இடம் வந்ததும் எடுங்க."

வாசித்தார். ஜெபமணியின் விரல் தொடைக்குப் போனது. பன்னிரண்டாவது பாரில் டீச்சர் வேண்டுமென்றே நடையைக் குறைத்தார், மேட்டில் ஏறுகிற வண்டி மாதிரி. ஜெபமணியின் விரல் குறையவில்லை. அறுபத்து நாலு ஆனது. கணீரென்று எடுத்தார்.

டீச்சர் கையை எடுத்துவிட்டார். "நான் முடிச்சுட்டேனா?"

"பதினாறு பார் ஆச்சே டீச்சர்."

"நேத்து அக்கா எந்த வார்த்தையில நின்னாங்க?"

ஜெபமணியின் விரல் தொடையிலேயே நின்றது.

"பத்தொன்பது வருஷமா பக்கத்துல நிக்கிறீங்க. அவங்க அடியில என்ன வார்த்தை இருக்குன்னாவது தெரியுமா?"

"நான் எண்ணிக்கிட்டு இருப்பேன்."

அடுப்பில் பால் சீறியது. டீச்சர் ஓடிப் போய் இறக்கினார்.

"பால் பொங்குறதுக்கு மணியையா அண்ணே பாப்பாங்க?"

ஜெபமணி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அப்போதுதான் உட்கார்ந்தார்.

"முன்னெல்லாம் இப்படி இல்லை டீச்சர். எண்ணத்தான் செய்வேன், ஆனா காதுலயும் விழும். ஐப்பசிக்கு அப்புறம்தான்..."

ஐப்பசியில் அவர்களுடைய ஒரே மகள் பெர்லி செத்துப்போனாள். இருபத்தாறு வயது. மஞ்சள் காமாலை என்று ஒன்பது நாள் படுத்தாள், பத்தாம் நாள் இல்லை.

"அவ என்னைப் பெர்லி அப்பான்னுதான் கூப்பிடுவா. நான் அவளைப் பெர்லி அம்மான்னு. எங்க பக்கத்து வழக்கம் அது. இப்ப அந்தப் பேரை எப்படி டீச்சர் எடுக்கிறது? எடுத்தா அழுவா. அவ எடுத்தா நான் அழுவேன். அதனால ரெண்டு பேரும் கூப்பிடுறதையே விட்டுட்டோம். பானைகிட்டப் பேசுறா. நான் கதவுகிட்டப் பேசுறேன். ஏழு மாசமா இப்படித்தான் ஓடுது."

டீச்சர் காப்பியை ஆற்றி அவர் முன்னால் வைத்தார்.

"பெர்லிக்கு அவ அம்மா குரல்" என்றார் ஜெபமணி. "அச்சா அவ குரல். எண்ணலைன்னா, அவ பாடுறது கேட்டுடும் டீச்சர்."

காப்பியில் ஆடை படிந்தது.

"அந்தக் கட்டத்துல பொண்ணோட பெட்டி எங்க இருக்கும்?"

"தரையில இருக்கும்."

"சனிக்கிழமை நீங்க அதை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சுக்குங்க."

"அது பலகைப் பெட்டி டீச்சர், காலிப் பெட்டி. சுண்டு விரல்ல தூக்கலாம்."

டீச்சர் எழுந்து அலமாரியைத் திறந்தார். பழைய பாட்டுப் புத்தகங்களை அடுக்கடுக்காக எடுத்து ஒரு சாக்கில் போட்டார். சாக்கு முக்கால்வாசி நிறைந்தது.

"இதை உள்ள வச்சுக்குங்க."

சொர்ணபாய் வரமாட்டாள் என்றுதான் ஊரே நினைத்தது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் சொல்லி வைத்தபடி வந்தாள். வருகிறேன் என்று கோயில் பெண்களிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்; அவள் வாக்குத் தவறாதவள். பவுடர் பூசிக்கொண்டாள், சால்வை போர்த்திக்கொண்டாள். ஜெபமணியைப் பார்க்கவில்லை. ஆசீர்வாதம் அவரிடம் மைப் பாட்டிலை நீட்டினார். ஜெபமணி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, நரைத்த தலையோடு மேடையேறினார்.

படகுத்துறைக் கட்டம் வந்தது. அவர் பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கனம் தோளை இழுத்தது. முதல் அடியை அவர் பாடினார். அடுத்தது அவள்.

அவள் எடுத்ததும் அவர் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டார். ஏழு, எட்டு, ஒன்பது. பெட்டி நழுவப் பார்த்தது. இழுத்துப் பிடித்தார். எண்ணிக்கை தப்பிவிட்டது. மறுபடி பிடிக்கப் பார்த்தார். கிடைக்கவில்லை. அப்போது அவள் குரல் காதில் விழுந்தது.

"துறையிறங்கி நான் நடக்கையிலே, பின்னால் நின்று என்னை இனி யார்..."

அந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். திங்கட்கிழமை நின்ற அதே வார்த்தை.

பியானோவும் நின்றது. டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஜெபமணி அவள் முகத்தைப் பார்த்தார். ஏழு மாசத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தார். காதோரம் புதிதாக வெளுத்திருந்தது. கழுத்தெலும்பு எழும்பி நின்றது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று பிறகு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். ஜெபமணிக்குத் தெரியாது.

"...யார் கூப்பிடுவார்" என்று மெதுவாகப் பாடி முடித்தாள்.

அவர் இடம் வந்தது. பியானோ எடுத்துக் கொடுத்தது. அவர் பாடவில்லை. இரண்டாம் தடவை எடுத்துக் கொடுத்தது. அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"சொர்ணம்" என்றார்.

நாடகத்தில் அந்தப் பெண்ணுக்கு மார்த்தா என்று பேர். வீட்டிலும் அவர் சொர்ணம் என்று கூப்பிட்டதில்லை. கல்யாணமான புதிதில் 'இந்தா' என்பார். பிறகு பெர்லி பிறந்துவிட்டாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குனிந்து பெட்டியை எடுத்தாள், அதன் கனம் அவளைத் திடுக்கிட வைத்தது, இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு நாடகத்தில் இருக்கிறபடி படகுக்குப் போனாள். யாரோ திரையை இழுத்தார்கள்.

ஒருவரும் கை தட்டவில்லை. ஒருவரும் எழுந்து போகவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் சொர்ணபாய் நாகர்கோவிலுக்குப் போனாள்.

அந்த வியாழக்கிழமை ஜெபமணி பாட்டுக்கு வரவில்லை. அடுத்த வியாழக்கிழமை வந்தார். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. தலையிலிருந்த மழைத் தண்ணீரைக் கையாலேயே வழித்துவிட்டுக்கொண்டு, பியானோ பக்கத்தில் வந்து நின்றார்.

"பாட்டைக் கெடுத்துட்டேன் டீச்சர்."

டீச்சர் ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

"போகாதேன்னு அப்பவும் எனக்குச் சொல்ல வரலை. பேரை மட்டும்தான் சொன்னேன்."

"அவங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஞாயித்துக்கிழமை பெட்டியை நான்தான் பஸ்ஸுல ஏத்தினேன். படியில ஒரு கால் வச்சுட்டு அப்படியே நின்னா. கண்டக்டர் சத்தம் போட்டான். 'ஏறுறியாம்மா, இல்லியா?'ன்னு."

"அப்புறம்?"

"ஏறிட்டா."

வெளியே மழை தகரத்தில் பெய்துகொண்டிருந்தது. ஜெபமணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தினம் காலையில முதல் வேலையா நாகர்கோவில் தபால் கட்டைத்தான் பிரிக்கிறேன். யார் யாருக்கோ கடுதாசி வருது. எனக்கு ஒண்ணும் இல்லை. போனும் இல்லை. நான் கூப்பிட்டேனே டீச்சர். கூப்பிட்டு இன்னியோட பன்னெண்டு நாள் ஆச்சு."

டீச்சர் பியானோவின் மூடியைத் திறந்தார். வாசிக்கவில்லை.

"இது அவங்க பாடுற இடம், அண்ணே. எண்ணாதீங்க."