செங்கோட்டுவேலின் சொந்த ஓஎஸ்

திருச்செங்கோட்டுக் கம்ப்யூட்டர் கண்காட்சியில் 'சொந்தமாகச் செய்த ஓஎஸ்', அதாவது கம்ப்யூட்டரையே இயக்கும் மென்பொருள், போட்டிக்கு வந்தது ஒரே ஒரு ஆள், சர்வீஸ் கடை செங்கோட்டுவேல். ஜெயித்தால் கோப்பையோடு, பாலிடெக்னிக் லேப் முழுக்க அவருடைய ஓஎஸ்தான். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே போதும். ஆனால் அது அப்படிப்பட்ட வாய் இல்லை. நடுவர் குணவதி மேடத்துக்குப் பக்கத்தில் மார்க் எழுத உட்கார்ந்திருந்தவன் நான்.

"வேல் ஓஎஸ் அத்தனையும் என் கையால செஞ்சதுங்க மேடம். ஸ்விட்ச் பக்கம் கை போனாலே திரை வந்துரும். போன வாரம் ஒருத்தர் கம்ப்யூட்டர் வாங்கலாமான்னு யோசிச்சுட்டு இருந்தாருங்க. அதுக்குள்ள அவரு வீட்டுல ஓட ஆரம்பிச்சிருச்சு!"

"கம்ப்யூட்டரே இல்லாமயா?" என்றார் கூட்டத்தில் நின்ற, செங்கோட்டுவேலுக்குத் தொழில்போட்டியான கடைக்காரர் தங்கமுத்து.

"அதுதானுங்க வேல் ஓஎஸ்ஸு."

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

"போர்வெல் போடற ரிக் வண்டி சண்முகண்ணனைக் கேட்டுப் பாருங்க. ஆப்பிரிக்காவுல ஆயிரத்தைந்நூறு அடி போர் ஓட்டியும் வெறும் புகைதான். நம்ம ஓஎஸ் போட்ட லேப்டாப்பை வண்டி மேல வெச்சாரு. தண்ணி தானா மேல வந்து, 'எத்தனை இஞ்சு தண்ணி வேணுங்ணா?'ன்னு கேட்டுச்சாம். தமிழ்லங்க!"

கூட்டம் கைதட்டியது. தங்கமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனப்பா, டெபியன்னு ஒரு லினக்ஸ் ஓஎஸ்ஸை இலவசமாவே குடுக்கறாங்க. அதை இறக்கி, பேரை அழிச்சு, திரையில நம்மூர் மலைப் படத்தை ஒட்டிட்டு வந்திருக்கறே. அது எப்படித் தனி ஓஎஸ் ஆகும்?"

"டெபியனா? அவங்க என்னோடதைப் பார்த்துத்தானே செஞ்சாங்க!"

"அது வந்தது தொண்ணூத்து மூணுல. நீ பொறந்ததே தொண்ணூத்தேழு!"

"பார்த்தீங்களா மேடம்? நான் பொறக்கறதுக்கு நாலு வருசம் முன்னாடியே காப்பி அடிச்சுட்டாங்க. என்ன அவசரம் பாருங்க!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த ஆளுக்கே கோப்பை கிடைக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன். மேடம்கூடக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்திவிட்டார்.

"சரி தம்பி, தனி ஓஎஸ்ஸுன்னே வெச்சுக்கறேன். நாளைக்கு லேப்புல இது கோளாறு பண்ணுச்சுன்னா பசங்க யார்கிட்டச் சொல்லணும்?"

"அந்தத் தலைவலி நமக்கெதுக்குங்க மேடம்? அதையெல்லாம் டெபியன்காரங்க பார்த்துக்குவாங்க."

மேடம் கோப்பையைத் திரும்ப இழுத்து என்னிடம் கொடுத்தார்.

"இதை டெபியன்காரங்க அட்ரசுக்குப் பார்சல் கட்டச் சொல்லுங்க."