பட்டாளத்திலிருந்து ஒரு கடிதம்

"இது நாலாவது தடவை மேடம். இந்த வருஷமும் எனக்கு வேஷம் இல்லைன்னு சொல்லிடாதீங்க."

பொன்னுரங்கத்துக்கு அறுபத்தொரு வயது. மில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆக்னஸுக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் நடிப்பில் அவள்தான் அவருக்குக் குரு.

கோவையில் ஒரு பழைய நூல் குடோனில் எண்பது நாற்காலி போட்டு அவள் நாடகம் நடத்தி வந்தாள். அந்த வருஷம் பழைய அமெரிக்க நாடகங்கள் மூன்று, தமிழில். முதல் நாடகத்துக்கு அன்று நடிகர் தேர்வு.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் மகனைப் பறிகொடுக்கும் ஒரு விவசாயியின் கதை அது. பொன்னுரங்கம் கேட்டது அந்த விவசாயி வேஷத்தை.

"சாவுச் செய்தி வர்ற இடம்தான் மேடம் முக்கியம். என் சம்சாரம் போய் ஒன்றரை வருஷம்தான் ஆச்சு. எனக்கு அழச் சொல்லித் தரணுமா?"

"வேண்டாம் சார். அழ உங்களுக்கு நல்லாவே வரும்."

மேஜைமேல் கிடந்த ஓர் உறையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இன்னைக்குப் பதினோரு பேர் வர்றாங்க, இதே வேஷத்துக்கு. நீங்க தபால்காரரா நின்னு ஒவ்வொருத்தருக்கும் இதைக் கொடுங்க."

"அப்ப நான்?"

"கடைசியில பார்க்கலாம்."

தபால்காரருக்கு ஒரே ஒரு வரி. "ஐயா, பட்டாளத்துலேர்ந்து கடிதம்." உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அவ்வளவுதான் அந்தப் பாத்திரம்.

முதலில் வந்தவர் உறையைப் பிடுங்கினார். மண்டியிட்டு அழுதார்.

அடுத்தவர் மார்பில் அடித்துக்கொண்டார். மூன்றாமவர் பொன்னுரங்கத்தின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். ஒரு பொத்தான் தெறித்து விழுந்தது.

நன்றாகத்தான் நடித்தார்கள். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏழாவது ஆளிடம் போகும்போது பொன்னுரங்கத்தின் கால் தயங்கியது. உறையைக் கொடுக்காமலே திரும்பிவிடலாமா என்று இருந்தது.

"போங்க சார்," என்றாள் ஆக்னஸ்.

போனார்.

பதினோராவது ஆள் மருதாசலம். திருப்பூர் பனியன் கம்பெனியில் அயர்ன் போடுகிறவர். இதுவரை மேடை ஏறியதில்லை.

"ஐயா, பட்டாளத்துலேர்ந்து கடிதம்," என்றார் பொன்னுரங்கம். அவர் குரல் உடைந்திருந்தது.

மருதாசலம் உறையைப் பார்த்தார். பிறகு பொன்னுரங்கத்தைப் பார்த்தார். வசனத்தை மறந்துவிட்டார் போலிருந்தது.

"ஏனுங்கண்ணா, வெயில்ல இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க," என்றார். "மொதல்ல இப்படி உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

பொன்னுரங்கம் உட்கார்ந்தார். அதற்கப்புறம் எழுந்திருக்க முடியவில்லை.

அவருக்கு ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வந்தது. மனைவி போய்விட்டாள் என்று வந்து சொன்னது ஒரு நர்ஸ். சின்னப் பெண். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. "ஐயா..." என்று அவள் தொடங்கியதுமே இவர் கத்தினார். நீங்கதான் கொன்னுட்டீங்க என்றார். அவள் கையைத் தட்டிவிட்டார். அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்றாள். நகரவில்லை. இவர் அழுது முடிக்கும்வரை அங்கேயே நின்றிருந்தாள்.

இந்த ஒன்றரை வருஷத்தில் அவளை அவர் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. அவள் பேரைக்கூடக் கேட்டதில்லை.

எல்லோரும் போனபிறகு ஆக்னஸ் அவர் எதிரே வந்தாள்.

"உங்க முறை சார்."

"வேண்டாம் மேடம். மருதாசலத்துக்கே கொடுத்துடுங்க."

"கொடுத்தாச்சு. இருந்தாலும் ஒரு தடவை நடிங்க."

உறையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கிருந்து மெல்ல நடந்து வந்து அவர்முன் நின்றாள்.

"ஐயா..."

உறையை நீட்டியபடி நின்றாள்.

பொன்னுரங்கம் உறையைத் தொடவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு இரண்டு முறை அசைந்தது.

"உன் பேரு என்னம்மா?" என்றார்.