கணக்கில் வராத ஆட்டம்

காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. கோடையில் அது வற்றிவிடும். வற்றியதும் மிருகங்கள் அதைக் கோதாவாக்கிக் குஸ்தி போடும். கரடி, காட்டெருமை, பன்றி, கடமான் என்று பலம் உள்ளவை எல்லாம் இறங்கி மோதும். மற்றவை கரையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தும்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் இருவாச்சிப் பறவை மருத மரத்தின் மேல் உட்கார்ந்து, பழைய வெற்றியாளர்களின் பெயர்களைச் சொல்லும். அதன் குரல் மலைக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும்.

ஒரு கோடையின் முதல் ஆட்டம். இருவாச்சி தொடங்கியது.

"கரடி கரியன்!"

கரையெல்லாம் ஆரவாரம்!

"காட்டெருமை பாறையன்!"

"அந்தப் பெயரைச் சொல்லாதே!" என்று முள்ளம்பன்றி கத்தியது. "பாறையன் காலத்தில் ஆட்டத்துக்கு நடுவே மயில்களை ஆடவிட்டார்கள். அதெல்லாம் குஸ்தியா? என் கணக்கில் அந்தக் கோடையே வராது!"

"என் கணக்கில் ஆமை நடுவராக இருந்த கோடை வராது!" என்றது நரி. "விழுந்தவன் எழுந்து, ஆற்றில் குளித்துவிட்டு வந்த பிறகும் ஆமை எண்ணிக்கொண்டே இருக்கும்!"

எல்லா மிருகங்களும் சிரித்தன. இருவாச்சியும் சிரித்தது. குஸ்தி ரசிகர்களின் சண்டை எப்போதும் இப்படித்தான். சிரிப்பு அடங்கியதும் அது அடுத்த பெயரைச் சொன்னது.

"கழுதைப்புலி கோணவாயன்!"

கரையில் சத்தமே இல்லை.

பிறகு ஒரு காட்டுப்பன்றி எழுந்தது. அதன் பெயர் மண்வாரி. ஆட்டம் சூடு பிடித்தால் மூக்கால் மண்ணை வாரி எறியும் என்பதால் அந்தப் பெயர். அதைவிடத் தீவிரமான ரசிகர் அந்தக் காட்டில் கிடையாது. அது கத்தினால் எல்லாம் கத்தும். அது எழுந்து போனால் பாதிக் கரை காலியாகிவிடும்.

"அப்படி யாரும் இங்கே ஜெயிக்கவில்லை!" என்றது மண்வாரி.

"ஜெயித்ததே!" என்றது இருவாச்சி. "நீயும் பார்த்தாய். நானும் பார்த்தேன்."

"பார்க்கவில்லை! அந்தக் காலமே கிடையாது! பாறையனுக்குப் பிறகு குஸ்தி நின்றிருந்தது. மறுபடி தொடங்கியபோது ஜெயித்தது கரியனின் மகன். அப்படித்தான் சொல்ல வேண்டும்!"

"ஆமாம்! அப்படித்தான் சொல்ல வேண்டும்!" என்று கரை முழுவதும் கத்தியது.

கடைசி வரிசையில் ஒரு பெண் கடமான் நின்றிருந்தது. அதன் பெயர் கொன்றை. அது மெதுவாகக் கேட்டது: "அந்தக் காலமே கிடையாது என்றால், என் வீட்டுக்காரர் எந்தக் காலத்தில் தோற்றார்?"

மண்வாரி வேறு பக்கம் பார்த்தது. "கொன்றை அக்கா, உங்கள் வீட்டுக்காரர் காட்டை விட்டுப் போய்விட்டார். எதற்குப் பழைய பேச்சு?"

"அவர் போகவில்லை. நீங்கள் அனுப்பினீர்கள்."

இருவாச்சி அந்தப் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனது. ஆரவாரம் மறுபடி கிளம்பியது.

நடந்தது இதுதான்.

பல கோடைகளுக்கு முன்னால் குஸ்தி சப்பென்று இருந்தது. பார்க்க வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். அப்போதுதான் கோணவாயன் என்ற கழுதைப்புலி தன் கூட்டத்தோடு வந்தது. முதல் கோடையிலேயே எல்லோரையும் வீழ்த்திப் பட்டம் வாங்கியது. வாங்கியதும் ஒரு யோசனை சொன்னது.

"வெறும் அடிதடியை எத்தனை நாள் பார்ப்பீர்கள்? ஒரு கதை வேண்டாமா? தோற்றவன் காட்டை விட்டே போகட்டும்! அந்த மூங்கில் புதர் வழியாக ஆற்றைத் தாண்டிப் போகட்டும். திரும்பி வரவே கூடாது! அப்புறம் பாருங்கள் ஆட்டத்தை!"

அப்புறம் கரையில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நேற்றுவரை கூட மேய்ந்தவன் இன்று கண் முன்னால் வெளியேறுகிறான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒருவன் விழுந்தால் போதும், "வெளியே போ! வெளியே போ!" என்று மிருகங்கள் தாளம் போட்டுக் கத்தின. தாளத்தை எடுத்துக் கொடுத்தது மண்வாரிதான்.

கொன்றையின் கணவன் பெரிய கொம்புள்ள கடமான். அதுவும் ஒரு நாள் தோற்றது. கூட்டத்துக்குத் தலை வணங்கிவிட்டு மூங்கில் புதருக்குள் போனது. மண்வாரி அன்று மூன்று முறை மண்ணை வாரி எறிந்தது. அப்படி ஓர் ஆட்டம்!

மழைக்காலம் வந்தது. மூங்கில் புதர் வழியாக வெள்ளம் வந்து குளத்தில் இறங்கியது. வெள்ளத்தோடு எலும்புகள் வந்தன. குளம்புகள் வந்தன. கொம்புகள் வந்தன.

தோற்றவர்கள் யாரும் ஆற்றைத் தாண்டவில்லை. புதருக்குள் கழுதைப்புலிக் கூட்டம் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

மிருகங்கள் கோணவாயனைத் தேடி ஓடின. கூட்டம் முன்பே காட்டை விட்டுப் போயிருந்தது. தண்டிக்க யாரும் கிடைக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. "வெளியே போ" என்று கத்தாத வாய் அங்கே ஒன்றுகூட இல்லை.

முதலில் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள். பிறகு பேசுபவர்களைத் தடுத்தார்கள். கடைசியில் அப்படி ஒரு காலமே இல்லை என்றார்கள்.

கோடைகள் கடந்தன. குட்டிகள் வளர்ந்தன. மண்வாரியின் மகன் வயிரன் நல்ல திடகாத்திரமான பன்றியாக வளர்ந்தது. தோளைக் கொடுத்து முட்டினால் கரடியும் தடுமாறும். மண்வாரி அதற்குக் கரியனின் பிடியைச் சொல்லிக் கொடுத்தது. பாறையன் முட்டும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தது. கோணவாயனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு கோடையில் செம்பன் என்ற செந்நாய் கோதாவுக்கு வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு பணிவாகப் பேசியது.

"உங்கள் குஸ்தி பிரமாதம்! ஆனால் கொஞ்சம் உப்பு குறைகிறது. தோற்றவன் மறுநாளே வந்து மேய்கிறானே, அதில் என்ன சுவை? தோற்றவன் காட்டை விட்டுப் போகட்டும். மூங்கில் புதர் வழியாகப் போகட்டும்! எப்படி என் யோசனை?"

"அடேயப்பா! இப்படி ஒன்றை யாருமே யோசித்ததில்லை!" என்று இளம் மிருகங்கள் குதித்தன.

கிழ மிருகங்களின் முதுகில் ரோமம் சிலிர்த்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

கொன்றை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

"வேண்டாம்! இது முன்னால் நடந்திருக்கிறது! கோணவாயனும் இதைத்தான் சொன்னான். போனவர்கள் எல்லாம் அந்தப் புதரில் செத்தார்கள். என் வீட்டுக்காரரும் செத்தார்!"

"கோணவாயனா? அது யார்?" என்று ஒரு மான்குட்டி கேட்டது.

"பழைய வெற்றியாளர்கள் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படி ஒரு பெயரே இல்லை!" என்றது இன்னொன்று.

செம்பன் சிரித்தது. "பாவம், துக்கத்தில் ஏதோ சொல்கிறார்கள். இங்கே விவரம் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் கேளுங்களேன்."

எல்லாம் மண்வாரியைப் பார்த்தன. வயிரனும் பார்த்தது.

"அப்பா, நீங்கள் ஓர் ஆட்டம்கூட விட்டதில்லையே! நீங்களே சொல்லுங்கள். அப்படி நடந்ததா?"

நடந்தது என்றால் அடுத்த கேள்வி என்னவென்று மண்வாரிக்குத் தெரியும். 'அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?' மகன் கேட்பான். எல்லோர் முன்னாலும் கேட்பான்.

"இல்லை," என்றது மண்வாரி. "அப்படி எதுவும் நடக்கவில்லை."

கொன்றை அதையே உற்றுப் பார்த்தது. பிறகு பின்னால் போய் நின்றது.

"அப்படியானால் முதல் ஆட்டம் என்னுடையது!" என்று வயிரன் கோதாவில் குதித்தது.

மண்வாரி பதறிப் போய் மகனிடம் ஓடியது.

"வேண்டாம்டா! இன்றைக்கு வேண்டாம். கால் வலிக்கிறது என்று சொல்லிவிடு."

"என் கால் நன்றாகத்தானே இருக்கிறது? ஏன் அப்பா?"

"ஏன் என்றெல்லாம் கேட்காதே!"

"தோற்றுவிடுவேன் என்று பயமா?" வயிரன் சிரித்தது. "நான் உங்கள் மகன் அப்பா!"

மண்வாரி கரைக்குத் திரும்பியது. மகன் தோற்க மாட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. தோற்காவிட்டால் ஒன்றும் இல்லை. யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

வயிரனோடு மோத ஓர் இளம் காட்டெருமை இறங்கியது. சூது இல்லாத ஆட்டம். வெகுநேரம் முட்டிக்கொண்டார்கள். வயிரன் ஒரு முறை எருமையை மண்டியிட வைத்தது. கரை அதிர்ந்தது. இன்னொரு முறை தோளைக் கொடுத்து முட்டப் போனபோது காய்ந்த சேற்றின் வெடிப்பில் அதன் கால் மாட்டிக்கொண்டது. எருமை புரட்டிப் போட்டது. வயிரனால் எழ முடியவில்லை.

ஆட்டம் முடிந்தது.

அப்புறம் எங்கிருந்தோ ஒரு குரல் தொடங்கியது. "வெளியே போ!" பக்கத்தில் இன்னொன்று சேர்ந்தது. கரை முழுவதும் பற்றிக்கொண்டது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே தாளம் வந்துவிட்டது.

"வெளியே போ! வெளியே போ!"

வயிரன் நொண்டிக்கொண்டே எழுந்தது. முறைப்படி கூட்டத்துக்குத் தலை வணங்கியது. அப்பாவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தது. பிறகு மூங்கில் புதரை நோக்கி நடந்தது.

"போகாதே!" என்று மண்வாரி அலறியது. "வயிரா, போகாதே! கொன்றை சொன்னது நிஜம்! அது நடந்தது! நான் பார்த்தேன்! நான்தான் கத்தினேன்! போனவர்கள் எல்லாம் செத்தார்கள்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிறகு பிரமாதமாகக் கைதட்டியது.

"ஆகா! அப்பனையும் கதையில் சேர்த்துவிட்டார்கள்!"

"என்ன நடிப்பு! எனக்கே கண்ணீர் வந்துவிட்டது!"

"நடிப்பு இல்லை! வழி விடுங்கள்! வழி விடுங்கள்!" மண்வாரி முட்டி மோதியது. எல்லாம் நெருக்கி நின்று எட்டி எட்டிப் பார்த்தன. அது கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வருவதற்குள் மூங்கில் புதர் மூடிக்கொண்டது.

உள்ளே ஒரே ஒரு கத்தல் கேட்டது.

மண்வாரி போய்ச் சேர்ந்தபோது, புதருக்குள் பதுங்கியிருந்த செந்நாய்கள் வேலையை முடித்துவிட்டு ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தன. செம்பனும் அவற்றோடு இருந்தது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மிருகங்கள் குளக்கரையில் கூடின. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேற்றுக் குதித்த இளம் மிருகங்கள் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றன.

நரிதான் முதலில் தொண்டையைச் செருமியது.

"நான் ஒன்று சொல்கிறேன். நேற்றைய ஆட்டம் நன்றாக இல்லை. யாருக்கும் பிடிக்கவில்லை. அதை நாம் கணக்கில் சேர்க்க வேண்டாம்."

"ஆமாம், சேர்க்க வேண்டாம்," என்றது முள்ளம்பன்றி. "இந்தக் கோடையில் குஸ்தியே தொடங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"என் மகன் ஆடினான்!" என்றது மண்வாரி. அதன் குரல் கரகரத்தது. "நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். எருமையை மண்டியிட வைத்தானே! பார்த்தீர்களா இல்லையா?"

"மண்வாரி அண்ணே, எதற்குப் பழைய பேச்சு?" என்றது நரி. கனிவாகத்தான் சொன்னது.

ஒவ்வொன்றாக எழுந்து போயின. மேய்வதற்கு நேரமாகிவிட்டது என்றன. தண்ணீர் குடிக்க வேண்டும் என்றன. வெயில் ஏறுவதற்குள் குளக்கரை வெறிச்சோடிவிட்டது.

கொன்றை மட்டும் போகவில்லை. அது மண்வாரியின் பக்கத்தில் வந்தது. திட்டப் போகிறாள் என்று மண்வாரி தலையைக் குனிந்துகொண்டது.

"அக்கா, நான் உங்கள் வீட்டுக்காரரை..."

"தெரியும்," என்றது கொன்றை. "நீ கத்தியது அன்றைக்கே என் காதில் விழுந்தது. அதை நான் மன்னிக்கவில்லை."

அது காலை மடக்கிக் கீழே உட்கார்ந்தது.

"உன் மகனைப் பற்றிச் சொல். சின்ன வயதில் எப்படி இருப்பான்? நான் கேட்கிறேன். நான் கேட்காவிட்டால் இந்தக் காட்டில் வேறு யாரும் கேட்க மாட்டார்கள்."

மண்வாரி வெகுநேரம் அழுதது. பிறகு சொல்லத் தொடங்கியது.

பிடிக்காத நேற்றை நடக்கவே இல்லை என்று ஒதுக்குபவர்கள், அதே நேற்று மறுபடி வாசலில் வந்து நிற்கும்போது அதைக் கைதட்டி வரவேற்பார்கள்.