வெறும் தாள்

தாணுமாலயன் சார் கேள்வித்தாளில் மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரு கணக்குக்குச் சரியான விடை எழுதுவதே அபூர்வம். கணிதப் போட்டியன்று மைக்கைப் பிடித்து, "தப்பான விடைக்கு மைனஸ் அஞ்சு. அதுக்காக வெறும் பேப்பர் குடுத்தா, மேடையில ஏத்தி மானத்தை வாங்கிருவேன்" என்றார்.

மிரண்டுபோன பிள்ளைகள் தோன்றியதையெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பு ஜெபக்கனி மட்டும், கேள்வித்தாளில் இல்லாத ஒரு கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, வெறும் தாளை நீட்டினாள்.

திருத்தி முடித்ததும் அவளை மேடையேற்றினார். தாளை உயர்த்திக் காட்டி, "இது என்னன்னு எல்லாருக்கும் சொல்லு" என்று உறுமினார்.

அவள் பின்னாலிருந்த மதிப்பெண் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பெயருக்கும் நேரே மைனஸ். அவளுக்கு மட்டும் பூஜ்யம்.

"முதல் பரிசு சார்" என்றாள்.